களஞ்சியத்தின் வாசலில் நெரிசல்

2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 23. அன்று ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பேஸ்புக் தளத்தை மக்களால் திறக்க முடியவில்லை. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் அந்நிறுவனம் அப்படியொரு முடக்கத்தைக் கண்டதில்லை. மின்சாரம் நின்றுவிடவில்லை; பகைவர் எவரும் புகுந்து நாசம் செய்யவுமில்லை. தகவல்களைச் சேமித்து வைத்திருந்த கணிப்பொறிகளிடம் ஒரே சமயத்தில் அளவுக்கு மீறிய கேள்விகள் வந்து குவிந்தன; அவ்வளவுதான். கடைசியில் பொறியாளர்கள் செய்த காரியம் வியப்புக்குரியது. தளத்தை மீட்பதற்காக அவர்களே அதை முழுவதுமாக மூடினார்கள்!

கேட்பவர்கள் அதிகமானால் பதில் சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதானே? மூட வேண்டிய அவசியம் என்ன? இதற்கு விடை காண வேண்டுமானால், தகவல் களஞ்சியத்தோடு மற்றக் கணிப்பொறிகள் எப்படிப் பேசுகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரயிலில் இடம் இருக்கிறதா என்று கைபேசியில் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கேள்வி முதலில் ஒரு முன்னணிக் கணிப்பொறியைச் சென்றடைகிறது. அதற்கு விதிமுறைகள் தெரியும்; ஆனால் எந்தப் பெட்டியில் எந்த இடம் காலி என்பது தெரியாது. அந்த விவரம் பின்னால் உள்ள வேறொரு கணிப்பொறியில் இருக்கிறது. இதைத்தான் தரவுத்தளம் என்கிறோம். ஒரே கணிப்பொறியை நம்பியிருந்தால் அது பழுதாகும்போது எல்லாம் போய்விடும் அல்லவா? எனவே பல கணிப்பொறிகளைச் சேர்த்து ஒரு கொத்தாக அமைக்கிறார்கள். இதற்குக் 'கிளஸ்டர்' என்று பெயர். வழக்கமான ஓர் அமைப்பில், கொத்தில் ஒன்று முதன்மைப் பொறி. மாற்றங்கள் எல்லாம் அதில்தான் எழுதப்படும். மற்றவை அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும் நகல் பொறிகள்.

முன்னணிக் கணிப்பொறி இந்தக் கொத்தோடு பேசுவதற்கு ஓர் 'இணைப்பு' தேவை. தொலைபேசியில் எண்ணைச் சுழற்றி, மறுமுனையில் எடுத்து, இன்னார் பேசுகிறேன் என்று சொன்ன பிறகுதானே விஷயத்துக்கு வர முடியும்? இங்கும் அப்படியே.

ஒரு கேள்விக்கு ஐந்து வணக்கம்

இணைப்பு ஏற்படுவதற்கு முன் நடக்கும் சடங்குகளைக் கணக்கிடுவோம். "பேசலாமா?" என்று ஒரு செய்தி போய், "பேசலாம்" என்று திரும்ப வேண்டும். ஒட்டுக்கேட்க முடியாதபடி மறைகுறியாக்கம் செய்ய இருவரும் சாவிகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். பிறகு கடவுச்சொல் சரிதானா என்ற சோதனை. எல்லாம் சேர்ந்து நான்கைந்து முறை செய்தி போய்த் திரும்பும்.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் செல்கிறது. வெற்றிடத்தில் செல்லும் வேகத்தில் இது மூன்றில் இரண்டு பங்கு. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5 என்பதே காரணம். சென்னைக்கும் மும்பைக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 1,000 கி.மீ. இந்தத் தொலைவைக் கடக்க 5 மில்லிவிநாடி. போய்த் திரும்ப 10. ஐந்து முறை என்றால் 50 மில்லிவிநாடி. ஆனால் "இந்தப் பெட்டியில் இடம் உண்டா?" என்ற கேள்விக்கு விடை தேடத் தரவுத்தளத்துக்கு ஒன்றிரண்டு மில்லிவிநாடியே போதும். விஷயத்தைவிட வணக்கம் பல மடங்கு நீளம்!

இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தால் இந்தத் தாமதம் வெகுவாகக் குறையும் என்பது உண்மையே. பொதுவாக அப்படித்தான் வைக்கிறார்கள். அப்போதும் வேறொரு செலவு இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற புகழ்பெற்ற தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 1986-இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆராய்ச்சியின் வாரிசு இது. ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் இது தனியாக ஒரு செயல்முறையைத் தொடங்குகிறது. அதாவது, அந்த ஒருவருக்கென்றே ஓர் ஊழியரை நியமித்து, நினைவகத்தில் அவருக்கு மேசையும் போட்டுக் கொடுக்கிறது. ஒரு கேள்வி கேட்டு வைத்துவிட்டால் அந்த ஊழியரைக் கலைத்துவிட வேண்டியதுதான். அடுத்த கேள்விக்கு மீண்டும் முதலிலிருந்து!

இந்த வீண்வேலையைத் தவிர்க்க எளிய வழி, இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருப்பது. முன்னணிக் கணிப்பொறி தொடக்கத்திலேயே சில இணைப்புகளை ஏற்படுத்தி ஓரிடத்தில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கேள்வி வரும்போது அவற்றில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும். வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி வைக்கும். நூலகத்தில் புத்தகம் எடுத்துத் திருப்புவது போலத்தான். இதைக் 'கனெக்ஷன் பூல்' என்பார்கள். நாம் இணைப்புத் தொகுப்பு என்று சொல்லலாம். ஜாவா மொழியில் எழுதுவோர் பெரிதும் பயன்படுத்தும் ஒரு தொகுப்புக்கு 'ஹிகாரி' என்று பெயர். ஜப்பானிய மொழியில் இதற்கு 'ஒளி' என்று பொருள். இயற்பியல்காரனான எனக்கு இந்தப் பெயர் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

எத்தனை வைத்துக்கொள்வது?

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். இணைப்பு அதிகமானால் வேகமும் அதிகமாகும் என்று நினைத்து, 10 போதுமான இடத்தில் 500 வைக்கிறார்கள். என்ன ஆகும் பாருங்கள்.

ஒரு பிராசசர், அதனிடம் 100 வேலைகள், ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிவிநாடி தேவை. ஒன்றன்பின் ஒன்றாக முடித்தால் முதல் வேலை 10-ஆவது மில்லிவிநாடியில் முடியும், இரண்டாவது 20-இல், கடைசி வேலை 1,000-இல். சராசரி 505 மில்லிவிநாடி. இப்போது நூறு பேரையும் ஒரே சமயத்தில் உள்ளே விட்டு, பிராசசர் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறது என்று கொள்வோம். எல்லா வேலைகளும் 1,000-ஐ ஒட்டியே முடியும். கடைசி ஆளுக்கு எந்த இலாபமும் இல்லை. மற்ற அனைவருக்கும் நஷ்டம். இதில் ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது ஏற்படும் காலவிரயத்தை நாம் சேர்க்கவே இல்லை. அதையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரே பதிவேட்டை இருவர் திருத்த முயன்றால், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பூட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது வேறு.

ஆகவே காத்திருப்பது தவிர்க்க முடியாததானால், களஞ்சியத்துக்கு வெளியே வரிசையில் காத்திருப்பதே நல்லது. போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துவோர் சொல்லும் தோராயமான கணக்கு ஒன்று உண்டு: பிராசசர் கோர்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டவேண்டும். நான்கு கோரும் ஒரு வட்டும் இருந்தால் 9 இணைப்புகள். இதைத் துல்லியமான விதி என்று கொள்ளக்கூடாது. தொடங்குவதற்கு ஓர் எண், பிறகு அளந்து பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஆனாலும் அது எவ்வளவு சிறிய எண் என்பதைக் கவனியுங்கள்.

வருகின்ற கூட்டத்துக்கு அவ்வளவு போதுமா என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் அக்னர் கிராரப் எர்லாங், 1908-இல் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் சேர்ந்தார். ஊரில் ஆயிரக்கணக்கான தொலைபேசிகள். நிலையங்களுக்கு இடையே எத்தனை கம்பிகள் போட வேண்டும்? குறைத்துப் போட்டால் வாடிக்கையாளர் ஏசுவார். கூட்டிப் போட்டால் செம்பு வீண். 1909-இலும் 1917-இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள் இந்தச் சிக்கலைக் கணக்காக்கித் தீர்த்தன. தொலைபேசிச் சுமையின் அலகுக்கே பிற்காலத்தில் 'எர்லாங்' என்று பெயர் வைத்தார்கள்.

முதலில் சுமையைக் காண்போம். விநாடிக்கு 1,000 கேள்விகள் வருகின்றன. ஒவ்வொன்றும் இணைப்பை 5 மில்லிவிநாடி, அதாவது 0.005 விநாடி, வைத்திருக்கிறது. 1,000 × 0.005 = 5. சராசரியாக எந்தக் கணத்திலும் ஐந்தே இணைப்புகள்தாம் வேலை செய்துகொண்டிருக்கும்! ஆனால் கேள்விகள் சீராக வருவதில்லை. சில சமயம் கொத்தாக வரும், சில சமயம் ஈயாடும். எனவே சரியாக ஐந்து இணைப்புகளை வைத்தால் போதாது. எர்லாங்கின் சூத்திரம், வருபவருக்கு எல்லா இணைப்புகளும் நிரம்பியிருக்கும் வாய்ப்பைத் தருகிறது. அதை நீங்களே குறிப்பேட்டில் போட்டுப் பார்க்கலாம். 1-இல் தொடங்குங்கள். அதைச் சுமையால், அதாவது 5-ஆல், பெருக்குங்கள். கிடைத்த பெருக்குத்தொகையை, அதே பெருக்குத்தொகையுடன் இணைப்பின் வரிசை எண்ணைக் கூட்டி வருவதால் வகுத்துவிடுங்கள். முதல் இணைப்புக்கு 5 ÷ (1 + 5) = 0.833. இந்த விடையை மறுபடி 5-ஆல் பெருக்கி, இரண்டாவது இணைப்புக்கு 4.167 ÷ (2 + 4.167) = 0.676. இப்படியே போனால் ஐந்தாவது இணைப்பில் 0.285 வரும், அதாவது நூற்றுக்கு 28 பேருக்கு மேல் இடமில்லை. பத்தாவதில் 0.018. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இது இடமில்லாதவர் திரும்பிப் போய்விடும் தொலைபேசிக் கணக்கு. இணைப்புத் தொகுப்பில் அந்த இரண்டு பேரும் சில மில்லிவிநாடி நின்று உள்ளே போய்விடுவார்கள். ஆயிரம் கேள்விகளுக்குப் பத்து இணைப்புகள்!

ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: எடுத்த இணைப்பை உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சில நிரல்கள் இணைப்பைக் கையில் பிடித்துக்கொண்டே வேறெங்கோ, உதாரணமாக வங்கியின் கணிப்பொறியிலிருந்து, பதில் வரக் காத்திருக்கும். 5 மில்லிவிநாடி 500 ஆகிவிட்டால் சுமையும் 5-லிருந்து 500 ஆகிவிடும். போஸ்ட்கிரெஸ் மாற்றி அமைக்கப்படாத நிலையில் மொத்தமாக ஏற்கும் இணைப்புகளே 100-தான். இதைவிடக் கொடுமை, திருப்பிக் கொடுக்கவே மறந்துபோவது. வழக்கமான பாதையில் நிரல் ஒழுங்காகத் திருப்பிவிடும். இடையில் பிழை நேர்ந்து வேறு பாதையில் வெளியேறும்போது மறந்துவிடும். மணிக்கு ஒன்று இப்படிக் கசிந்தால், பத்து இணைப்புள்ள தொகுப்பு பத்து மணி நேரத்தில் காலி. காலையில் நன்றாக ஓடியது மாலையில் ஏன் நின்றது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்!

நாற்பது கணிப்பொறிகள் சேர்ந்து வந்தால்

தொகுப்பு பத்தே இணைப்பாக இருந்தாலும், முன்னணிக் கணிப்பொறிகள் நாற்பது இருந்தால் மொத்தம் 400 ஆகிவிடுகிறதே? கூட்டம் பெருகும்போது முன்னணிக் கணிப்பொறிகளை அதிகப்படுத்துவது வழக்கம். அப்படிச் சேர்க்கும் ஒவ்வொன்றும் களஞ்சியத்தின்மீது பத்து இணைப்புகளைச் சுமத்துகிறது. உதவிக்கு வந்தவரே பாரமாகிவிடுகிறார்.

இதற்காக நடுவில் ஒரு வாயிற்காவலரை நிறுத்துகிறார்கள். போஸ்ட்கிரெஸுக்கு 'பிஜிபவுன்சர்' என்ற மென்பொருள் இந்த வேலையைச் செய்கிறது. முன்னணிக் கணிப்பொறிகள் நூற்றுக்கணக்கில் இதனோடு இணைந்துகொள்ளலாம். இது களஞ்சியத்தோடு சில இணைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, யாருக்கு உண்மையில் வேலை இருக்கிறதோ அவருக்கு அந்த வேலை முடியும்வரை ஒன்றைத் தரும். எல்லோருக்கும் பொதுவாக வைப்பதில் இன்னோர் ஆதாயமும் உண்டு. சுமை 5 உள்ள இரு முன்னணிக் கணிப்பொறிகள் தனித்தனியே பத்துப் பத்து வைத்துக்கொண்டால் மொத்தம் 20 இணைப்புகள். இருவரும் ஒரே தொகுப்பைப் பகிர்ந்தால் சுமை 10. மேலே சொன்ன கணக்கை 10-க்குப் போட்டுப் பாருங்கள். 17-ஆவது இணைப்பிலேயே 0.013 வந்துவிடும். மூன்று இணைப்பு மிச்சம், நெரிசலும் முன்னைவிடக் குறைவு.

கொத்தில் நகல் பொறிகள் இருப்பதால், படிக்க மட்டும் வரும் கேள்விகளை அவற்றுக்குத் திருப்பி முதன்மைப் பொறியின் பாரத்தைக் குறைக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. நகல், முதன்மையைவிடக் கொஞ்சம் பின்தங்கியே இருக்கும். நீங்கள் இப்போதுதான் மாற்றிய முகவரியை அடுத்த கணமே நகலிடம் கேட்டால் அது பழையதைச் சொல்லக்கூடும். அப்படிப்பட்ட கேள்விகளை முதன்மையிடமே அனுப்புவது நல்லது.

முதன்மைப் பொறி இறந்துபோனால்

அப்போது நகல்களில் ஒன்று முதன்மையாக உயர்த்தப்படுகிறது. கொத்தின் பயனே அதுதான். ஆனால் தொகுப்பிலுள்ள பழைய இணைப்புகள் என்ன ஆகும்? மின்சாரம் போய்த் திடீரென அணைந்த கணிப்பொறி, "போய் வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டா போகிறது? மறுமுனையில் உள்ளவர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே இருக்கிறார். வேலையின்றிச் சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வசதி லினக்ஸில் உண்டு. ஆனால் அதை இயக்கி வைத்தாலும், நாம் மாற்றாதவரை, அது இரண்டு மணி நேரம் பொறுத்த பிறகுதான் முதன்முறையாகத் தட்டும்! எனவே அனுபவசாலிகள் அந்த நேரத்தைச் சில விநாடிகளாகக் குறைத்து வைப்பார்கள். பதிலுக்கு இவ்வளவு நேரந்தான் காத்திருப்பேன் என்று ஒவ்வொரு கேள்விக்கும் கெடு வைப்பார்கள். இணைப்புகளுக்கு ஆயுள்வரம்பும் வைப்பார்கள். ஹிகாரி தொகுப்பில் இது இயல்பாக 30 நிமிடம்.

இனி, இறந்த இணைப்பைக் கண்டுபிடித்தாயிற்று; புதியது வேண்டும். நாற்பது கணிப்பொறிகளும் ஒரே நொடியில் இதைக் கண்டுபிடித்து, ஒரே நொடியில் புதிய முதன்மையின் கதவைத் தட்டுகின்றன. அதுவோ இப்போதுதான் பொறுப்பேற்றிருக்கிறது. திணறிச் சிலரைத் திருப்பி அனுப்புகிறது. அவர்கள் ஒரு விநாடி பொறுத்து மீண்டும், எல்லோரும் சேர்ந்து, தட்டுகிறார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆபிரம்சன் குழுவினர் 'அலோஹா' என்ற ரேடியோ வலையமைப்பை இயக்கினார்கள். பல இடங்களிலிருந்த முனையங்கள் ஒரே அலைவரிசையில் பேசியதால் செய்திகள் மோதிக்கொண்டன. மோதினால், ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய ஏதோ ஒரு நேரம் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும் என்று விதி செய்தார்கள். ஒரே அளவு பொறுத்தால் மறுபடியும் மோதத்தானே செய்யும்? பின்னர் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் 1976-இல் விளக்கி எழுதிய ஈதர்நெட் வலையமைப்பு இன்னும் ஒரு படி சென்றது: ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் பொறுக்கும் கால எல்லையை இரட்டிப்பாக்க வேண்டும். தரவுத்தளத்தை நாடும் நிரல்களுக்கும் இன்று இதே முறைதான். முதலில் ஒரு விநாடிக்குள் ஏதோ ஒரு கணம்; பிறகு 2 விநாடிக்குள், 4-க்குள், 8-க்குள். சில தடவைக்குப் பின் முயற்சியை நிறுத்திவிட்டு, வந்தவரிடம் நேர்மையாக மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

செப்டம்பர் 23-இல் நடந்தது

பேஸ்புக்கில் சில அமைப்பு விவரங்களின் நகலை விரைவு நினைவகம் ஒன்றில் வைத்திருந்தார்கள். அந்த நகல் தவறாகத் தோன்றினால், மூலத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ள ஒரு தானியங்கி ஏற்பாடும் இருந்தது. அன்று மூலத்திலேயே ஒரு மாற்றம் செய்யப்பட்டது. அந்த மதிப்பையே தானியங்கி தவறு என்று எடுத்துக்கொண்டது. எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே சமயத்தில் திருத்தம் கேட்டுத் தரவுத்தளக் கொத்தை மொய்த்தன. விநாடிக்கு லட்சக்கணக்கான கேள்விகள்! கொத்து திணறிப் பிழைச்செய்தி அனுப்பியது. அந்தப் பிழைச்செய்தியையும் கணிப்பொறிகள் 'தவறான மதிப்பு' என்றே கருதி, தம்மிடமிருந்த நகலை அழித்துவிட்டு மீண்டும் கேட்டன.

பள்ளி ஆண்டுவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு எதிரே கொண்டுபோனால் காது கிழிய ஊளையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒலிபெருக்கியின் ஓசை ஒலிவாங்கியில் புகுந்து, பெருகி, மீண்டும் புகுகிறது. பேசுபவர் வாயை மூடிவிட்டாலும் ஊளை நிற்பதில்லை. அன்றும் அப்படியேதான். முதலில் நேர்ந்த தவற்றைத் திருத்திய பிறகும் கேள்விகள் குறையவில்லை. பிழை கேள்வியை வளர்த்தது, கேள்வி பிழையை வளர்த்தது.

ஒலிபெருக்கிக்காரர் என்ன செய்கிறார்? ஓடிப்போய்ப் பெருக்கியை அணைக்கிறார். பேஸ்புக் பொறியாளர்களும் அந்தக் கொத்துக்குச் செல்லும் போக்குவரத்து முழுவதையும் நிறுத்தினார்கள். அதற்காகத் தளத்தையே மூட நேர்ந்தது. தரவுத்தளங்கள் மூச்சு வாங்கி நிலைக்கு வந்ததும், மக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார்கள். தவறான மதிப்பைத் தானே திருத்தப் போன அந்தத் தானியங்கி ஏற்பாட்டை மட்டும் அணைத்தே வைத்தார்கள்.